பழைய காருக்கு மாற்று: ஜாஸ், கொரோலா, கோல்ஃப், லீஃப், எம்எக்ஸ்-5 – எது யாருக்கு?

காரை மாற்ற முடிவெடுத்தவருக்கு முதல் வேலை இப்போது ஓட்டும் காருக்குள்ளேயே இருக்கிறது. டேஷ்போர்டில் ஒரு தாளை வைத்து, இரண்டு வாரத்துக்கு ஒவ்வொரு முறை வண்டியை நிறுத்தும்போதும் நான்கு விஷயங்களைக் குறித்து வாருங்கள்: எத்தனை கி.மீ. ஓடியது, எத்தனை நிமிடம் ஆனது, உள்ளே எத்தனை பேர், டிக்கியில் என்ன இருந்தது. ஏழு பேர் உட்காரும் வண்டி வேண்டும் என்று நினைத்தவரின் தாளில் பெரும்பாலான வரிகள் "ஒரு ஆள், 4 கி.மீ., 15 நிமிடம்" என்று இருப்பது சாதாரணம். இன்ஜினையும் கியர்பாக்ஸையும் அந்தத் தாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். நிறம், உருவம், ஸ்டீயரிங் பிடிக்கும்போது வரும் சந்தோஷம் எல்லாம் அதற்குப் பிறகு உங்கள் இஷ்டம். அதில் யாரும் தலையிட வேண்டியதில்லை.

இந்த வரிசை ஏன் முக்கியம் என்றால், செகண்ட் ஹேண்ட் கார்களில் பெரிய செலவு வைக்கும் கோளாறுகளில் பல, வண்டியின் அமைப்புக்கும் அது ஓடும் விதத்துக்கும் ஒத்துப்போகாததால் வருபவை. நெரிசலில் ஊர்ந்தே தேயும் கிளட்ச், சூடேறுவதற்குள் அணைக்கப்படும் டீசல், வெயிலில் அடுத்தடுத்து வேக சார்ஜ் ஏற்றப்படும் பேட்டரி: மூன்றும் ஒரே கதைதான். அதனால் ஒன்றுக்கொன்று வேறான அமைப்பு கொண்ட ஐந்து கார்களை எடுத்துக்கொண்டு, எந்த ஓட்டத்துக்கு எது பொருந்தும், எங்கே மக்கர் செய்யும் என்று பார்ப்போம்.

எந்தக் காராக இருந்தாலும், ஓட்டிப் பார்ப்பதற்கு முன் உட்கார்ந்து பாருங்கள். சீட்டை உங்கள் காலுக்குத் தக்கபடி வைத்து, கிளட்ச் அல்லது பிரேக்கை அடிவரை மிதியுங்கள். முட்டி லேசாக மடங்கியே இருக்க வேண்டும். தோள் சாய்மானத்தை விட்டு விலகாமல் கையை நீட்டினால், மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல் விளிம்பில் படிய வேண்டும். இரண்டும் ஒரே நிலையில் அமையவில்லை என்றால் அந்தக் கார் உங்கள் உடம்புக்கு ஆகாது. பத்து நிமிட டெஸ்ட் டிரைவில் இது தெரியாது, இரண்டு மணி நேரப் பயணத்தில் தோளும் இடுப்பும் சொல்லிவிடும். பிறகு சீட்டை அப்படியே விட்டுவிட்டு, உங்களுக்குப் பின்னால் போய் உட்காருங்கள். குழந்தை இருந்தால் சைல்டு சீட்டை எடுத்துப் போய் மாட்டிப் பாருங்கள். பின்னோக்கிப் பார்க்கும் சைல்டு சீட் முன் சீட்டை எவ்வளவு முன்னால் தள்ளுகிறது என்பது எந்த பிரோஷரிலும் இருக்காது. முட்டி வலி உள்ள பெரியவர்கள் ஏறுவார்கள் என்றால், அவர்கள் சிரமமில்லாமல் எழுந்திருக்கும் நாற்காலியின் உயரத்தை வீட்டில் அளந்துகொண்டு போய், தரையிலிருந்து கார் சீட்டின் விளிம்பு வரை உள்ள உயரத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு டேப் போதும்.

டிக்கி அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐரோப்பியக் கணக்கில் சொல்லப்படும் லிட்டர் என்பது 200 × 100 × 50 மி.மீ. கட்டைகளை அடுக்கி அளப்பது. ஒரு கட்டை ஒரு லிட்டர். அந்தச் சின்னக் கட்டை எந்த மூலைமுடுக்கிலும் நுழையும், உங்கள் பெட்டி நுழையாது. வாயின் அகலம், சக்கர வளைவுகளுக்கு இடையே உள்ள அகலம், தரையிலிருந்து தூக்க வேண்டிய உயரம் ஆகிய மூன்றையும் அளந்தால் லிட்டரை மறந்துவிடலாம்.

ஹோண்டா ஜாஸ்

சில நாடுகளில் ஃபிட் என்ற பெயரில் ஓடும் கார். 2013இல் வந்த மூன்றாம் தலைமுறையைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம். இதன் சிறப்பு ஒரே ஒரு முடிவில் அடங்கியிருக்கிறது: பெட்ரோல் டேங்கைப் பின் சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்து முன் சீட்டுகளுக்கு அடியில் வைத்துவிட்டார்கள். அதனால் பின்பக்கத் தரை தாழ்ந்துவிட்டது. பின் சீட்டின் அடிப்பாகத்தைத் தியேட்டர் சீட் போல மேலே மடக்கி நிறுத்தினால், தரையிலிருந்து கூரை வரை நிமிர்ந்த ஒரு இடம் கிடைக்கும். தொட்டிச் செடியையோ, சைக்கிளின் சட்டத்தையோ, மடக்கிய வீல்சேரையோ படுக்க வைக்காமல் பின் கதவு வழியே ஏற்றலாம். சாய்மானத்தை மடக்கினால் சீட் முழுவதும் கீழே அமிழ்ந்து தரை கிட்டத்தட்டச் சமமாகிவிடும். ஐரோப்பிய வகையில் சீட் நிமிர்ந்திருக்கும்போதே 354 லிட்டர் டிக்கி. அப்போதைய கோல்ஃபில் 380 லிட்டர்தான். ஜாஸ் அதைவிட ஒரு சாண் போல நீளம் குறைந்த கார் என்பதை மறக்க வேண்டாம்.

இந்த சீட்டை வாங்குமுன் மடக்கிப் பாருங்கள். அடிப்பாகத்தின் கால் தாங்கி பூட்டிக்கொள்கிறதா, சாய்மானத்தின் கொக்கி "டக்" என்று விழுகிறதா, அடியில் ஈரமோ மண்ணோ இருக்கிறதா? மடங்கிய சீட்டின் அடியில் நீர்க்கோடு தெரிந்தால் வண்டி தண்ணீரில் நின்றிருக்கலாம்.

கியர்பாக்ஸில் மேனுவல், சிவிடி (கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக்) இரண்டும் உண்டு. சிவிடியில் இரண்டு கூம்புப் புல்லிகளுக்கு நடுவே எஃகு பெல்ட் ஓடுகிறது. எண்ணெயின் தரம்தான் அதன் உயிர். ஹோண்டாவின் எச்சிஎஃப்-2 எண்ணெயைத் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது. பொதுவான "எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் பொருந்தும்" எண்ணெயை ஊற்றிய வண்டிகளில்தான் நடுக்கம் சீக்கிரம் வருகிறது. இதைக் கண்டுபிடிப்பது எளிது. வண்டி நன்றாகச் சூடான பிறகு, ஆக்ஸிலரேட்டரை இறகு போலத் தொட்டு 20இலிருந்து 40 கி.மீ. வேகத்துக்கு மெதுவாக ஏற்றுங்கள். கல் பாவிய சாலையில் போவதுபோல ஒரு அதிர்வு வந்தால் எண்ணெய் மாற்றிய ரசீதைக் கேளுங்கள். சுமார் 40,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றியிருந்தால் நிம்மதி.

இன்ஜினில் டைமிங் செயின். பெல்ட் மாற்றும் செலவு இல்லை. ஆனால் வால்வு டேப்பெட்டுகளின் இடைவெளியை ஸ்க்ரூவால்தான் சரிசெய்ய வேண்டும், தானாகச் சரியாகாது. இங்கே பலரும் ஏமாறுகிறார்கள்: இடைவெளி கூடினால் "டிக் டிக்" என்று சத்தம் வரும், ஆபத்து குறைவு. இடைவெளி குறைந்தால் சத்தமே வராது, வால்வு முழுதாக மூடாமல் அதன் விளிம்பு எரியத் தொடங்கும். ஆகவே அதிக கி.மீ. ஓடிய ஜாஸில் இன்ஜின் நிசப்தமாக இருப்பதை மட்டும் வைத்து மதிப்பெண் போடாதீர்கள். குளிர்ந்த நிலையில் ஐட்லிங் சீராக இருக்கிறதா என்று கவனியுங்கள்.

இதே தலைமுறையில் ஏழு கியர் இரட்டை கிளட்ச் கொண்ட ஹைபிரிடும் (பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்தது) உண்டு. 2013–14இல் ஜப்பானில் அது பலமுறை திரும்ப அழைக்கப்பட்டது. பெரும்பாலும் கட்டுப்பாட்டு மென்பொருளைத் திருத்துவதற்காக. அந்தத் திருத்தங்கள் எல்லாம் செய்யப்பட்டதற்கான பதிவு இல்லாமல் அந்த வகையைத் தொட வேண்டாம்.

தாளில் "குறைந்த தூரம், விதவிதமான சாமான்" என்று வந்தவர்களுக்கு இந்த ஐந்தில் முதல் தேர்வு ஜாஸ்தான். நெடுஞ்சாலையில் சாலை இரைச்சல் உள்ளே வரும், வேகமாக ஏறும்போது சிவிடி இன்ஜினை அலற விடும். அந்த இரண்டையும் பொறுத்துக்கொள்ள முடியாதவர்கள் மேனுவலைப் பாருங்கள், அல்லது கீழே தொடருங்கள்.

டொயோட்டா கொரோலா ஹைபிரிட்

2018இல் அறிமுகமான தலைமுறையின் ஹேட்ச்பேக். இதன் கியர்பாக்ஸையும் பலர் சிவிடி என்றே சொல்கிறார்கள், ஆனால் உள்ளே பெல்ட்டே கிடையாது. கோள் கியர் தொகுதி ஒன்று இன்ஜினையும் இரண்டு மோட்டார்களையும் இணைக்கிறது. கிளட்ச் இல்லை, தனி ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை. தேயக்கூடியதையெல்லாம் எடுத்துவிட்ட அமைப்பு. 1997இல் முதல் பிரியஸில் வந்ததை மெருகேற்றி மெருகேற்றி இங்கே கொண்டுவந்திருக்கிறார்கள். நாள் முழுக்க நின்று நின்று போகும் சாலையில் இதைவிட அலட்டிக்கொள்ளாத வண்டி கிடைப்பது கடினம்.

ஆனால் பராமரிப்பே வேண்டாம் என்பது தவறு. ஹைபிரிட் பேட்டரி பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அதைக் குளிர்விக்கும் காற்று கேபினிலிருந்துதான் போகிறது. சீட்டின் கீழ்ப்பக்கம் ஒரு ஜன்னல் போன்ற கம்பித் தடுப்பும் அதற்குள் ஒரு ஃபில்டரும் இருக்கும். நாய், பூனையின் முடியும் கம்பளி நூலும் அதில் பாய் போலப் படியும். காற்று குறைந்தால் பேட்டரி சூடாகும், சூடானால் ஆயுள் குறையும். டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே பையை அடைத்து வைக்கும் பழக்கம் உள்ளவர்களின் வண்டியில் விசிறி எப்போதும் இரைந்துகொண்டிருக்கும். ஃபில்டரைக் கழற்றித் தூசியைத் தட்ட ஒரு கால்மணி நேரம் போதும்.

அடுத்தது பிரேக். வேகம் குறைக்கும் வேலையில் பெரும்பகுதியை மோட்டாரே செய்துவிடுவதால் பிரேக் பேட் அதிகம் தேய்வதில்லை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பயன்படாத டிஸ்க்கில் துரு ஏறும், பேட்களை அழுத்தும் காலிபரின் வழுக்கும் பின்கள் இறுகிக்கொள்ளும். உள்பக்கப் பேட் ஒரு தடிமனிலும் வெளிப்பக்கம் வேறு தடிமனிலும் இருந்தால் அந்தப் பின்கள் இறுகிவிட்டன என்று அர்த்தம். வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்க வேண்டும். இன்வெர்ட்டருக்குத் தனி கூலன்ட் தொட்டி உண்டு, அதன் மட்டத்தையும் பாருங்கள். வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும் வண்டியில் முதலில் சாவது பெரிய பேட்டரி இல்லை, சாதாரண 12 வோல்ட் பேட்டரி. அது இறங்கினால் இவ்வளவு பெரிய ஹைபிரிட் பேட்டரி இருந்தும் வண்டி விழிக்காது.

1.8 லிட்டர், 2 லிட்டர் என இரண்டு ஹைபிரிடுகள். பெரியதில் இழுவை தாராளம், ஆனால் டிக்கி 361இலிருந்து 313 லிட்டராகச் சுருங்குகிறது. பின் சீட்டு இந்த ஹேட்ச்பேக்கின் பலவீனம்: கதவுத் திறப்பு சின்னது, முட்டிக்கு இடம் கம்மி. பின்னால் எப்போதும் பெரியவர்கள் உட்காருகிற வீடு என்றால் இதே காரின் வேகன் வடிவம் சக்கர இடைவெளியிலேயே நீளமானது, அதைப் பாருங்கள்.

ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப், ஏழாம் தலைமுறை

ஓட்டும் சுகம், சாலைப் பிடிப்பு, உள்ளே தொடும் இடமெல்லாம் தரம் என்று கேட்பவர்களுக்கு 2012இல் வந்த இந்தக் கோல்ஃப் இன்னும் நல்ல பதில். ஸ்டீயரிங் முன்பின் நகரும், மேல்கீழ் நகரும். மேலே சொன்ன உட்காரும் சோதனையில் குட்டையானவரும் நெட்டையானவரும் ஒருசேரத் தேறுவார்கள். மேனுவல் கியர் வாங்குகிறவர் அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. யோசிக்க வேண்டியவர் டிஎஸ்ஜி வாங்குகிறவர்.

டிஎஸ்ஜி என்பது ஃபோக்ஸ்வேகனின் இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்; அது ஒரே பெட்டி இல்லை. 1.0, 1.2, 1.4 பெட்ரோல்களோடு பெரும்பாலும் வரும் டிகியூ200, ஏழு கியர், உலர் கிளட்ச். 250 நியூட்டன் மீட்டர் வரை தாங்கும். சக்தி கூடிய இன்ஜின்களோடு வருபவை எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் கொண்டவை: ஆறு கியர் டிகியூ250, பிற்பாடு வந்த ஏழு கியர் டிகியூ381. ஆகவே கியர்களை எண்ணி மட்டும் உலர்ந்ததா நனைந்ததா என்று சொல்ல முடியாது. சேசிஸ் எண்ணைக் கொடுத்து எந்த வகை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

உலர் கிளட்ச் ஊர்ந்து போகும்போது பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் நிற்கிறது. வழுக்கினால் சூடு, சூட்டை எடுத்துப்போக அங்கே எண்ணெய் இல்லை. அதனால் தட்டு கண்ணாடி போல வழவழப்பாகி, முதல் இரண்டு கியர்களில் உதறத் தொடங்கும். கிளட்ச்சை இயக்கும் மெக்கட்ரானிக் தொகுதி இன்னொரு செலவு. 2013இல் உலக அளவில் 16 லட்சம் டிஎஸ்ஜி கார்களைத் திரும்ப அழைத்து, கியர்பாக்ஸில் இருந்த செயற்கை எண்ணெய்க்குப் பதில் மினரல் எண்ணெய் ஊற்றினார்கள்; வெப்பமும் ஈரமும் கூடிய இடங்களில் மின்கோளாறு வருவதாகத் தெரிந்ததுதான் காரணம்.

சோதிக்கும் முறை: வண்டியை இருபது நிமிடம் ஓட்டிச் சூடேற்றுங்கள். லேசான ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் பிரேக்கை மட்டும் விட்டு ஊர விடுங்கள். நிறுத்தி, மறுபடி ஊர விடுங்கள். ஆறேழு முறை. பிறகு அதே ஏற்றத்தில் ரிவர்ஸ். உதறல், "டொக்" என்ற அடி, பிடிப்பதற்குத் தயக்கம் – எது வந்தாலும் விலையில் ஒரு கிளட்ச் செட்டைக் கழித்தே பேச வேண்டும். டிகியூ250 என்றால் 60,000 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்றிய ரசீது கட்டாயம். தாளில் நெரிசல் அதிகம் என்று வந்திருந்தால் உலர் கிளட்ச் கோல்ஃபை வாங்காதீர்கள். எவ்வளவு பிடித்திருந்தாலும்.

டீசல் கோல்ஃபுக்கும் இதே கண்டிப்பு. புகைக்குழாயில் உள்ள துகள் ஃபில்டர் நிறையும்போது, வண்டி கூடுதல் டீசலைத் தெளித்து சுமார் 600 டிகிரி சூடாக்கி மசியை எரிக்கும். அதற்குப் பத்து இருபது நிமிடம் தடையில்லாத ஓட்டம் வேண்டும். 4 கி.மீ.யில் வண்டியை அணைப்பவரிடம் இந்த வேலை பாதியிலேயே நிற்கும். எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள்: ஆயில் மட்டம் மேல் குறிக்கும் மேலே இருந்து, முகர்ந்தால் டீசல் வாடை வந்தால் அந்த வண்டி குறுந்தூர வண்டி. ஓடோமீட்டர் எதைக் காட்டினாலும் சரி.

பெட்ரோலில் தெர்மோஸ்டாட்டும் வாட்டர் பம்பும் சேர்ந்த பிளாஸ்டிக் தொகுதி கசியும் பழக்கம் உண்டு. கூலன்ட் மட்டம் குறைந்திருக்கிறதா, அந்த இடத்தில் இளஞ்சிவப்புப் படிவு காய்ந்திருக்கிறதா என்று டார்ச்சில் பாருங்கள்.

நிஸான் லீஃப்

முழு மின்சாரக் கார். 2017இல் வந்த இரண்டாம் தலைமுறை, 40 கிலோவாட்-மணி பேட்டரி, டபிள்யூஎல்டிபி என்ற சோதனைக் கணக்கில் ஒரு சார்ஜில் 270 கி.மீ. வீட்டிலேயே சார்ஜ் ஏற்ற முடிந்து, தினசரி ஓட்டம் நூறு கி.மீ.க்குள் அடங்கினால் அருமையான அமைதியான வண்டி. இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். பேட்டரியைக் குளிர்விக்கத் திரவ அமைப்பு இல்லை; நெடுந்தூரத்தில் இரண்டாவது, மூன்றாவது வேக சார்ஜின்போது சூடு ஏறி, சார்ஜ் ஏறும் வேகத்தை வண்டியே குறைத்துக்கொள்ளும். வேக சார்ஜுக்கு சாடெமோ என்ற வகைச் செருகி. பல இடங்களில் புதிதாக வரும் நிலையங்களில் அது குறைந்து வருகிறது. உங்கள் வழியில் எத்தனை இருக்கிறது என்று முதலில் எண்ணுங்கள்.

மீட்டரின் ஓரத்தில் பேட்டரி ஆரோக்கியத்துக்கு 12 கோடுகள். முதல் கோடு மறையும்போதே சுமார் 15 சதவிகிதம் போயிருக்கும், ஆகவே 12 கோடும் இருப்பதை வைத்து பேட்டரி புதிதுபோல என்று நினைக்காதீர்கள். வண்டியின் கணினியைப் படிக்கும் ஓபிடி புளூடூத் கருவியும் லீஃப் ஸ்பை செயலியும் இருந்தால் சரியான சதவிகிதமும் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜும் தெரியும். தொடக்க ஆண்டு வண்டிகளில் ஸ்டீயரிங் முன்பின் நகராது. நீளமான கால் உள்ளவர்களுக்கு அதுவே போதும், வேண்டாம் என்று சொல்ல.

மாஸ்டா எம்எக்ஸ்-5

இரண்டு சீட், 130 லிட்டர் டிக்கி, கிட்டத்தட்ட ஒரு டன் எடை. 2015 தலைமுறையை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. தாளில் பெரும்பாலும் "ஒரு ஆள்" என்று வந்து, வீட்டில் இன்னொரு வண்டி இருந்தால், மனசுக்குப் பிடித்ததை வாங்கத் தயங்காதீர்கள். 2018 திருத்தத்தில்தான் ஸ்டீயரிங் முன்பின் நகரும் வசதி வந்தது. ஆரம்ப கால மேனுவல் பெட்டிகளில் சில பழுதாகி, உள்பாகங்களை மாஸ்டா பலமுறை மாற்றியது. குளிர்ந்த நிலையில் இரண்டாவது கியர் உரசாமல் விழுகிறதா என்று பாருங்கள். துணிக் கூரையின் தண்ணீர் சீட்டுகளுக்குப் பின்னால் உள்ள துளைகள் வழியே இறங்குகிறது. இலைச் சருகு அடைத்தால் தண்ணீர் கீழ்ச் சட்டத்துக்குள் தேங்கி உள்ளிருந்தே அரிக்கும். ஒரு தம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றி, கீழே சொட்டுகிறதா என்று பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

ஐந்தில் எதைப் பார்க்கப் போனாலும், "வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனவுடன் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் குளிர் ஸ்டார்ட்டில் வரும் சத்தத்தையோ புகையையோ மறைத்திருக்கலாம். டயரின் பக்கவாட்டில் டிஓடி என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம். நான்கு டயரும் நான்கு பிராண்டாக இருந்தால், மற்ற பராமரிப்பையும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

கடைசியாக ஓபிடி கருவியைச் செருகும்போது, கோளாறுக் குறியீடு இல்லை என்றதும் பிடுங்கிவிடாதீர்கள். ரெடினெஸ் மானிட்டர் என்ற பக்கத்தைத் திறங்கள். யாராவது குறியீடுகளை அழித்துவிட்டு எச்சரிக்கை விளக்கை அணைத்திருந்தால், ஆக்சிஜன் சென்சார், கேட்டலிஸ்ட் போன்றவற்றுக்கு எதிரே "முடியவில்லை" என்று இருக்கும். சமீபத்தில் பேட்டரியைக் கழற்றியிருந்தாலும் அப்படித்தான் காட்டும், அதனால் உடனே சந்தேகப்பட வேண்டாம். நூறு நூற்றைம்பது கி.மீ. ஓட்டிவிட்டு இரண்டு நாள் கழித்து மறுபடி காட்டச் சொல்லுங்கள். அதற்கு விற்பவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் முன்பணத்தைக் கையில் வைத்துக்கொண்டே அடுத்த வண்டியைப் பார்க்கப் போகலாம்.